நெஞ்செரிச்சல் நின்ற வருஷம்

அன்புள்ள தம்பிக்கு, உன் அத்தா எழுதுவது. உனக்கும் உன் அறையில் இருக்கிற கூட்டாளிகளுக்கும் என் சலாம்.

நீ திருச்சியில் விமானம் ஏறி இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது. நீ போன மறுநாள் உன் அம்மா உங்கள் அறையைக் கூட்டினாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் காலி மாத்திரை அட்டைகள் கிடந்தன. ஒன்றிரண்டு இல்லை, ஏழு அட்டை. அவள் அவற்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அட்டையைத் திருப்பிப் பெயர் படிக்க வேண்டிய தேவை எனக்கு இல்லை. பதினைந்து வருஷம் நான் விழுங்கிய மாத்திரை அது. உன் மனைவி ரிஸ்வானாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். கல்யாணமாகி இரண்டு மாதம்கூட முழுதாகாத பிள்ளை, எதையோ ஒளித்துவைத்து மாட்டிக்கொண்டவள்போல நின்றாள். சாப்பிட்டால் உனக்கு நெஞ்சு எரிகிறது என்றும், அங்கே வேலைக்குப் போன நாளிலிருந்தே மாத்திரை போடுகிறாய் என்றும், வெறும் கேஸ்தான், வீட்டில் சொல்லாதே என்று நீ சொன்னதாகவும் சொன்னாள். அவள்மேல் கோபப்படாதே. நான்தான் கேட்டுக் கேட்டு வாங்கினேன்.

போனில் பேசியிருக்கலாம். பத்து நிமிஷம் பேசினால் என் குரல் தேய்ந்துபோய்விடும், நீயும் "சரித்தா, நீங்க சாப்ட்டீங்களா" என்று பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவாய். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். மேலத்தெரு ஹாஜா அடுத்த வாரம் ஷார்ஜா திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். நீ நேரில் பார்த்த சில விஷயங்களும் இதில் வரும், கோர்வைக்காக அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன். ஆனால் உனக்குத் தெரியாத பாகம்தான் பெரியது. அதை உனக்குத் தெரியவிடாமல் பார்த்துக்கொண்டவன் நான்.

மீமிசல் கரையில் நான் ஏலம் கூற ஆரம்பித்தபோது எனக்கு இருபத்தாறு வயது. விடிவதற்கு முன்பே வெறும் வயிற்றில் ஒரு டீ. முதல் படகு வந்து, மீனைக் கூறு கூறாகக் கொட்டிப் பரப்பியதும் தொண்டையைத் திறந்தால், கடைசிக் கூறு போகும்வரை மூடமாட்டேன். நடுநடுவே இன்னும் மூன்று நான்கு டீ. பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்து, காரமான மீன்குழம்போடு ஒரு சட்டிச் சோறு தின்பேன். தின்ற வாய் உலருவதற்குள் பாயில் விழுவேன். கொஞ்ச நேரத்தில் நெஞ்சின் நடுவில் ஒரு எரிச்சல் கிளம்பும், புளித்த தண்ணீர் தொண்டை வரைக்கும் ஏறி வரும். எழுந்து உட்கார்ந்தால் இறங்கும். கரையில் யாருக்குத்தான் இது இல்லை? ஒருவர் சோடா குடி என்பார், ஒருவர் சீரகத்தண்ணி குடி என்பார். மருந்துக்கடைக்காரர் மாத்திரை கொடுத்தார். போட்டால் அடங்கியது. அடங்கியதால் எந்த டாக்டரிடமும் போகவில்லை. காலையில் எழும்போது குரல் கரகரவென்று இருக்கும். தொழிலால் வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு வருஷம், எனக்கு நாற்பத்தெட்டு இருக்கும், எரிச்சல் தானாகவே குறைந்தது. மெல்ல மெல்ல நின்றே போனது. மாத்திரையை நிறுத்தினேன். தர்கா கந்தூரிச் சோறு மூன்று தட்டு தின்றேன், ஒன்றும் செய்யவில்லை. அல்லாஹ் கண் திறந்துவிட்டான் என்று உன் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. என்ன நடந்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அமிலம் ஏறி வருவது நிற்கவே இல்லை. வருஷக்கணக்காகச் சுட்டுச் சுட்டு, உணவுக்குழாயின் அடிப்பாகத்து உள்தோல் தன் குணத்தை மாற்றிக்கொண்டது. குடலுக்குள் இருக்க வேண்டிய மாதிரித் தோல் அங்கே முளைத்துவிட்டது. அந்தத் தோலுக்கு அமிலம் அவ்வளவாக உறைக்காதாம். நான் குணமானது என்று நினைத்த வருஷம்தான் எனக்கு வியாதி ஆரம்பித்த வருஷம். உனக்கும் ஒரு நாள் எரிச்சல் நின்றுவிட்டால் சந்தோஷப்படாதே, தம்பி. இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதத்தையே தொடங்கினேன்.

உன் அக்கா நிஷாவின் நிச்சயதார்த்தம் நடந்தபோது நீ ஷார்ஜாவில் இருந்தாய். விருந்தில் ஒரு துண்டு கறி என் நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டது. தண்ணீர் குடித்தால் தண்ணீர் திரும்பி வந்தது. ஒரு மணி நேரம் கொல்லையில் குனிந்து நின்று வாந்தியெடுத்த பிறகு தானாக விலகியது. சம்பந்திமார் முன்னால் எனக்கு ஒரே வெட்கம். மறுவாரம் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் புதுக்கோட்டை போனேன். ஒரு டாக்டரம்மா வாய்வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பார்த்தார், உள்ளேயிருந்து சின்னச் சின்னதாகத் தோல் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். பத்து நாள் கழித்து முடிவு சொல்லும்போது ஒரு தாளில் படம் போட்டே காட்டினார்.

"பாய், இது கேன்சர் இல்ல. ஆனா கேன்சரா மாறக்கூடிய தோலு. எல்லாருக்கும் மாறாது, உங்களுக்கு மாறலாம், மாறாமலும் போகலாம். அத நாம காவல் காக்கணும். இந்த மாத்திரைய விடாம போடுங்க, வருஷா வருஷம் வந்து கேமரா விட்டுப் பாத்துக்குங்க. கூட யாரும் வந்திருக்காங்களா? அவங்ககிட்டயும் சொல்லிடுறேன்."

யாரும் வரவில்லை என்றேன். கேன்சர் இல்லை என்கிற ஒரு சொல்லை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு மற்றதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். வீட்டில் வயிற்றுப்புண் என்று சொன்னேன். ஃபைலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, பீரோவின் மேல்தட்டில் பழைய பாஸ்போர்ட்டுகளுக்கு அடியில் வைத்தேன். அடுத்த வருஷம் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் போன் செய்து, என் பேரைச் சொல்லி, பரிசோதனைக்கு வரவேண்டிய மாதம் வந்துவிட்டது என்றார். நான் "ராங் நம்பர்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்போது கரையில் நின்றுகொண்டிருந்தேன், சுற்றிலும் ஆள்கள். அதுதான் காரணம் என்று அப்போது நினைத்தேன். காரணம் பயம். குழாயை விட்டு மறுபடி பார்த்தால் மறுபடி ஏதாவது சொல்வார்கள், பார்க்காமல் இருந்தால் போன தடவை சொன்னதே நிலைத்து நிற்கும் என்று ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். இப்படி நாலு வருஷம் போனது.

உன் அம்மா ஒரு நாள் ரேஷன் கார்டு தேடப்போய் அந்த ஃபைலை எடுத்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோட்டைப்பட்டினத்தில் ஒரு கல்யாண வீடு என்று சொல்லிவிட்டு, உன் அக்காவைக் கூட்டிக்கொண்டு நேராகப் புதுக்கோட்டை போய்விட்டாள். பின்னேரம் திரும்பி வந்து, பர்தாவைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்த டாக்டரம்மா உங்கள நல்லா ஞாபகம் வச்சிருக்காக. ஃபைலப் பாத்ததும், 'அவரு இருக்காரா'ன்னு கேட்டாக. இருக்காருன்னு நிஷாதான் பதில் சொன்னா" என்றாள். பிறகு, "நாலு வருஷம் எம்பக்கத்துல உக்காந்து சாப்பிட்டிருக்கீங்க. ஒரு நாள்கூட சொல்லணும்னு தோணலையா?" என்று கேட்டாள். அவள் அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டாவது தடவை பார்த்தபோது தோல் நிறைய மாறியிருந்தது. கேன்சருக்கு முந்திய கடைசிப் படி என்றார்கள். திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே முதலில் கத்தி இல்லாமல், வாய்வழியாகவே குழாயை விட்டு, கெட்ட தோலைக் கொஞ்சம் உரித்தும் கொஞ்சம் சுட்டும் எடுத்தார்கள். இரண்டு தடவை செய்தார்கள். உனக்கு அப்போது, வயிற்றுப்புண்ணுக்குக் குழாய் விட்டுப் பார்க்கிறார்கள் என்று சொல்லி வைத்தோம். எடுத்த இடத்திலேயே மறுபடி வந்தது, புதிதாக வேறு இடங்களிலும் தடித்து வந்தது. மூன்றாவது தடவை பார்த்துவிட்டு அங்கிருந்த அறுவை டாக்டர், இனி உணவுக்குழாயையே எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார். உணவுக்குழாயில் பெரும்பாகத்தை எடுத்துவிட்டு, இரைப்பையைக் குறுக்கிக் குழாய்போல ஆக்கி மேலே இழுத்து, கழுத்துக்குள் கொண்டுவந்து இணைப்பது. வயிற்றில் ஒரு வெட்டு, வலது விலாவில் ஒன்று, கழுத்தில் ஒன்று. நான் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். முதல் வருஷமே ஒழுங்காக வந்திருந்தால் இந்த வெட்டு இல்லாமல் முடிந்திருக்குமா என்று. அவர் பேனாவை மூடிக்கொண்டே, "அத இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது, பாய்" என்றார். அதுவே எனக்குப் பதில்.

அவர் சொன்ன ஆபத்துகளில் ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. கழுத்தில் தையல் போடுகிற இடத்துக்குப் பக்கத்திலேதான் குரலுக்கான நரம்பு ஓடுகிறது, அது அடிபட்டால் குரல் போகலாம், திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். உயிர் போகலாம் என்றும் அவர் சொல்லியிருந்தார். அது எனக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. மீமிசல் கரையில் என்னை யாரும் முகத்தால் அறிந்ததில்லை. பனிமூட்டத்தில் கடலுக்குள் அரைமைல் தள்ளி வருகிற படகுக்காரன், என் குரலைக் கேட்டு இன்றைக்கு ஏலம் ஆரம்பித்துவிட்டது என்று வேகமாக வருவான். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக நான் என்றால் அந்தக் குரல்தான். அது இல்லாமல் வீட்டுக்குத் திரும்பி வருகிறவன் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

அறுவைக்கு நாள் குறித்தார்கள். அறுவை என்று சொன்னதும் நீ அவசர லீவு கேட்டு டிக்கெட் போடத் தயாராக இருந்தாய். அறுவைக்கு முந்தின நாள் என்னை வார்டில் சேர்த்தார்கள். உன் அம்மா தொழப் போன நேரம் பார்த்து, கையில் கட்டியிருந்த பேர்ப்பட்டையைக் கத்தரித்துப் போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, அறந்தாங்கி பஸ்ஸில் ஏறிவிட்டேன். வழியிலேயே உனக்குப் போன் செய்து, டாக்டர் வெளியூர் போய்விட்டார், தேதி தள்ளிப்போகிறது, டிக்கெட் போடாதே என்று சொன்னேன். அது பொய். அன்றைக்கு நீ, "அல்ஹம்துலில்லாஹ், சம்பளம் வாங்கிட்டு வாரேன்த்தா" என்றாய். உன் குரலில் இருந்த நிம்மதியைக் கேட்டுவிட்டும் நான் பொய்யைத் திரும்ப வாங்கவில்லை. நான் வீடு வந்து சேர்ந்ததை உன் அக்கா உன் அம்மாவுக்குப் போனில் சொல்ல, அவள் திருச்சியிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு தனியாகத் திரும்பினாள்.

மறுநாள் காலை நான் வழக்கம்போல் கரைக்குப் போய் ஏலம் கூறினேன். அன்று நல்ல வரத்து. நண்டு, கணவாய், நகரை எல்லாம் கூறு கூறாகக் கிடந்தன. மூன்றாவது கூறு போகும்போது கூட்டத்தில் திடீரென்று சத்தம் குறைந்தது. நிமிர்ந்தேன். ஐஸ்பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் உன் அம்மா நின்றுகொண்டிருந்தாள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவள் கரைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. கையில் அதே ஆஸ்பத்திரிப் பை. நான் ஓடிப்போய், இங்கே எதற்கு வந்தாய், வீட்டுக்குப் போ என்றேன். அவள் சத்தம் போடவில்லை. "ஏலம் முடியட்டும். நான் நிக்கிறேன்" என்றாள்.

நான் திரும்பிவந்து கூற ஆரம்பித்தேன். சீக்கிரம் முடித்திருக்கக்கூடிய ஏலத்தை இழுத்தேன். ஒவ்வொரு கூறுக்கும் நாலு தடவை விலை கேட்டேன், கழித்துப்போட்ட காரல் பொடிமீனைக்கூடத் தனியாகக் கூறு கட்டி ஏலம் விட்டேன். வெயில் ஏறிவிட்டது. அவள் நிழலுக்குக்கூட நகரவில்லை. ஒரு வியாபாரி போய் நாற்காலி கொடுத்தார், உட்காரவில்லை. கடைசிக் கூறு போனதும் எனக்குக் கூறுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. கையைக் கழுவிக்கொண்டு அவள் பின்னால் போனேன். அன்று கூறிய ஏலம்தான் என் கடைசி முழு ஏலம். அது தெரிந்துதான் கூறினேன் என்று சொல்லமாட்டேன், ஆனால் மனதுக்குள் ஒரு சந்தேகம் இருந்தது.

புதுத் தேதி பத்து நாள் தள்ளி வந்தது. காலையில் உள்ளே கொண்டுபோனவர்கள் மஃரிபு தொழுகை நேரத்துக்குத்தான் வெளியே கொண்டுவந்தார்களாம். உன்னை நான் மூன்றாம் நாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். விமான நிலையத்திலிருந்து நேராக வந்திருந்தாய், சட்டைகூட மாற்றவில்லை. மூச்சுப் பயிற்சிக்கான அந்த மூன்று பந்துக் கருவியை என் வாயில் வைத்து, மூச்சை இழுங்கத்தா, இன்னும் ஒரு பந்து, இன்னும் ஒரு பந்து என்று குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி ஊட்டினாய். விலாவில் வெட்டுப்பட்டவனுக்கு மூச்சிழுப்பது எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்லவில்லை. உன் முகத்துக்காக இழுத்தேன். கழுத்துத் தையல் ஒரு இடத்தில் கசிந்தது, குடித்த தண்ணீர் கட்டுத்துணியை நனைத்தது. அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் வாய்வழியாக ஒன்றும் இல்லை, வயிற்றில் போட்ட குழாய்வழியாகத்தான் பால்மாதிரி ஏதோ இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நாள்களில் நீயும் உன் அம்மாவும் எனக்கு எதிரில் சாப்பிடக்கூடாது என்று மாறி மாறி வெளியே போய்ச் சாப்பிட்டீர்கள். எனக்குத் தெரியும்.

உன் லீவு முடிந்து நீ போன பிறகு, வெட்டி எடுத்த பாகத்தின் பரிசோதனை முடிவு வந்தது. தோல் பல இடத்தில் கடைசிப்படி வரைக்கும் மாறியிருந்தது, ஆனால் எந்த இடத்திலும் கேன்சர் இல்லை என்று எழுதியிருந்தது. உன் அம்மா அந்தத் தாளை முத்தமிட்டாள். உன் தாய்மாமன் படித்துப் பார்த்துவிட்டு, "அப்ப இல்லாத வியாதிக்கா இவ்வளவு அறுத்தானுக?" என்று கேட்டார். கேட்டவர் மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. அந்தக் கேள்வி எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

நாலு மாதம் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் கட்டியது. ஐந்தாம் மாதம் கரைக்குப் போனேன். என் இடத்தில் வேறொருவர் கூறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மரியாதையாக விலகி, ஒரு கூறு நீங்கள் கூறுங்கள் பாய் என்றார். சூடை மீன், சாதாரணக் கூறு. மூன்றாவது விலையிலேயே குரல் உடைந்து காற்றாகிவிட்டது. வியாபாரிகள் ஒருவரும் சிரிக்கவில்லை. கவனிக்காதவர்கள் மாதிரி விலையை அவர்களாகவே ஏற்றிக்கொண்டு போனார்கள். சூடைக்கு இறால் விலை வந்தது. அது மீனுக்குக் கொடுத்த விலை இல்லை என்று எனக்கு விளங்கியது. வீட்டுக்கு வந்தேன்.

இப்போது எழுதப்போவதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அன்று உன் அம்மா கிண்ணத்தில் கஞ்சியோடு வந்தாள். நான் அவளிடம், "நீ அன்னைக்கு அங்கிட்டு வந்து நிக்காம இருந்திருந்தா எனக்குக் குரலு இருந்திருக்கும். அதுல வியாதியே இல்லன்னு அவனுகளே எழுதிக் கொடுத்துட்டானுக. ஒன்னாலதான் நான் இப்புடி ஆனேன்" என்றேன். அவள் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனாள். இரண்டு மணி நேரம் கழித்து அடுத்த கிண்ணத்தோடு வந்தாள். ஒரு நாளைக்கு ஆறு தடவை, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நான் அவளைப் பழித்த நாளிலும் ஆறு தடவை வந்தாள். அதற்குப் பிறகு பல மாதம் நாங்கள் தேவைக்கு மட்டும் பேசினோம். நீ போனில் கேட்கும்போதெல்லாம் எல்லாம் நல்லபடி என்று சொன்னோம்.

வருஷப் பரிசோதனைக்குப் போனபோது அந்த அறுவை டாக்டரிடம் நேராகவே கேட்டேன், எனக்குக் கேன்சர் வராமலே போயிருக்குமா என்று. உன் அம்மா பக்கத்து நாற்காலியில் இருந்தாள். அவர் ஃபைலை மூடிவிட்டுச் சொன்னார்.

"வந்திருக்கும்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன், பாய். வந்திருக்காதுன்னும் பண்ணமாட்டேன். எத்தனை வருஷம் பொறுத்திருக்கும்னு எனக்குத் தெரியாது. வந்ததுக்கப்புறம் வர்றவங்கள நான் தினம் பாக்குறேன். அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை, ஆனால் பொய்யாகவும் இல்லை. நடக்காமல் போன ஒன்றுக்கு அத்தாட்சி எங்கே கிடைக்கும்? அதை நம்பித்தான் ஆக வேண்டும், அல்லது யாரையாவது பழித்துக்கொண்டு கிடக்க வேண்டும். நான் பல மாதம் இரண்டாவதைச் செய்தேன். மறுநாள் மத்தியானம் உன் அம்மா கொல்லையில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் உரித்தேன். அன்றைக்குச் சொன்னதை மனசில் வைத்துக்கொள்ளாதே, என்னை மன்னித்துவிடு என்றேன். இந்த வாயால் அவளிடம் நான் கேட்ட முதல் மன்னிப்பு. அவள் தலை நிமிராமல், "குரலு போனா என்ன? நீங்க மெல்லக் கூப்ட்டாலும் கேக்குற தூரத்துலதானே நான் இருக்கேன்" என்றாள். பிறகு, நீங்கள் உரிப்பதில் ஓட்டோடு சதையும் போகிறது, தள்ளுங்கள் என்றாள்.

உன் கல்யாணத்தில் நீ கவனித்திருப்பாய். மாப்பிள்ளையின் அத்தா பிரியாணியில் நாலு வாய் எடுத்துவிட்டுத் தட்டை நகர்த்தினேன். இனிப்பைத் தின்றால் அரை மணியில் வியர்த்துக் கண் இருட்டுகிறது. தலைமாட்டில் கட்டிலின் கால்களுக்குச் செங்கல் வைத்துச் சாய்ந்தபடி படுக்கிறேன், தட்டையாகப் படுத்தால் தின்றது திரும்பி வரும். நோன்பு வைக்க முடியவில்லை, அதற்குப் பதிலாக ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுக்கிறோம். எல்லோரும் நோன்பு திறக்கிற வேளையில் எனக்குக் கண் கலங்கும். கரையில் இப்போது நண்டுக்கூடத்தில் தரம் பிரிக்கிறேன், அதற்குக் குரல் வேண்டாம். இப்படி ஒரு வாழ்க்கை. புகாராகச் சொல்லவில்லை. உன் கல்யாணத்தைப் பார்க்கிற உயிரோடு இருந்தேன். ஆனால் இதில் பாதியையாவது நான் தவிர்த்திருக்கலாம், தம்பி. புதுக்கோட்டையில் அந்த டாக்டரம்மா படம் போட்டுக் காட்டிய அன்றைக்கு, கூட ஒரு ஆளைக் கூட்டிப்போயிருந்தால் போதும். அடுத்த வருஷம் ஒரே ஒரு தடவை பஸ் ஏறியிருந்தால் போதும்.

நெஞ்சு எரிகிறவன் எல்லோருக்கும் இது வருவதில்லை. பெரும்பாலோருக்கு வராது என்று டாக்டர்களே சொன்னார்கள். உன்னைப் பயமுறுத்த நான் எழுதவில்லை. ஆனால் உனக்கு எட்டு வருஷமாக எரிகிறது. இரவு ஷிப்ட் முடிந்து வந்து, கேன்டீன் சோற்றைத் தின்றுவிட்டு அப்படியே படுக்கிறாய். காலையில் நீ போன் செய்யும்போது குரல் கரகரக்கிறது, அதை ஏசிக் குளிர் என்று நானே நினைத்துக்கொண்டேன். திருச்சியில் அந்த டாக்டர், பிள்ளைகளுக்கு யாருக்காவது இப்படி உண்டா என்று என்னிடம் கேட்டார். இல்லை என்று சொன்னேன். சொன்னபோது அது உண்மை என்று நினைத்தேன். அவர் ஏன் அதைக் கேட்டார் என்று அட்டைகளைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அங்கேயே ஒரு டாக்டரிடம் போய்க் கேமரா விட்டுப் பார். உன் அத்தாவுக்கு என்ன செய்தார்கள் என்பதை அவரிடம் முழுசாகச் சொல். ஒன்றும் இல்லையென்றால் மாத்திரையை எப்படிப் போட வேண்டுமோ அப்படிப் போடு. ஏதாவது இருந்தால் வருஷா வருஷம் போ. புரியாததைத் திரும்பக் கேள், நான் கேட்காமல் எழுந்து வந்தவன். அங்கே முடியாது என்றால் லீவு போட்டுக்கொண்டு இங்கே வா, நானே கூட்டிப்போகிறேன்.

நேற்று அஸர் தொழுதுவிட்டு வந்து, உன் அம்மாவையும் ரிஸ்வானாவையும் ஒன்றாக உட்காரவைத்து, இதில் எழுதியிருக்கிற எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன்னிடம் கேட்காமல் சொன்னதற்கு என்மேல் வருத்தப்பட்டால் பட்டுக்கொள். உன் மனைவி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "மாமா, கேமரா விட்டுப் பாக்கும்போது மயக்க மருந்து குடுப்பாகளா? வலிக்குமா?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் மயங்கியிருப்பான், வலிக்காது, தொண்டை இரண்டு நாள் கமறும், அவ்வளவுதான் என்றேன். "அப்ப அவுகள்ட்ட நான் பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். நீ அப்போது வேலையில் இருந்தாய் போல, எடுக்கவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அவள் மறுபடி கூப்பிட்டிருப்பாள். அவளிடம் பொய் சொல்லாதே, தம்பி. உன் அம்மாவைப்போல வெயிலில் வந்து நிற்க அவளால் முடியாது, நடுவில் கடல் கிடக்கிறது.

துஆவுடன்,
உன் அத்தா